பலோப்பியன் குழாய்ப் புற்றுநோய்: அரிதோ, அறியப்படாததோ?

மருத்துவப் பாடநூல்களிலே பலோப்பியன் குழாயின் புற்றுநோய்க்கு நெடுங்காலமாக ஒதுக்கப்பட்டு வந்த இடம் மிகச் சிறியது. கருப்பைக் கழுத்துக்கு ஓர் அதிகாரம், கருப்பைக்கு ஓர் அதிகாரம், சூலகத்துக்கு அவற்றினும் நீண்ட ஓர் அதிகாரம் என வகுத்தபின், எஞ்சிய ஒன்றிரண்டு பந்திகளில் குழாய் அடக்கப்பட்டுவிடும். பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளிலே தோன்றும் புற்றுநோய்களுள் இது நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்குங் குறைவு என்று அப்பந்தி தொடங்கும். சத்திரசிகிச்சைக்கு முன்னர் அறியப்படுவது அபூர்வம் என்று முடியும். மாணவர் அதனைப் பரீட்சைக்கு முதல்நாள் இரவு ஒருமுறை புரட்டிப் பார்ப்பர். பரீட்சகரும் அதற்குமேல் வினவார். இரு தரப்பாரும் வாய்திறவாது செய்துகொண்ட இந்த உடன்படிக்கை பல தலைமுறைகளாக நிலவி வந்துள்ளது. அது நியாயமானதா என்பதே இங்கு கேள்வி.

விடையை முதலிலேயே கூறிவிடலாம்: நியாயமானதன்று. குழாய்ப் புற்றுநோயின் அருமை இயற்கை விதித்ததன்று. அதன் பெரும்பகுதி எண்ணும் முறையினால் விளைந்தது. ஒரு பொருளைக் காண்பதற்குரிய இடத்தில் நோக்காது, நோக்கியபோதும் அதற்கு வேறொரு பெயரை இட்டுவிட்டு, பின்னர் அப்பொருள் உலகில் அரிதாகவே உளது என்று அட்டவணை வகுத்ததன் விளைவு அது. மருத்துவ வரலாற்றிலே இத்தகைய வழுக்கள் வேறும் உள. ஆயின் இவ்வழுவின் விலையைக் கொடுத்தவர்கள் ‘சூலகப் புற்றுநோய்’ என்ற பெயரால் இறந்துபோன பெண்கள். 2020 ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி அவ்வோராண்டில் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சத்து 14 ஆயிரம் பெண்களிடம் சூலகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 2 இலட்சத்து 7 ஆயிரம் பேர் அதனால் மாண்டனர். இவர்களுட் பெருந்தொகையினரின் நோய் தொடங்கிய இடம் சூலகமே அன்று என்று இன்று கருதப்படுகின்றது.

இத்தாலியின் பதுவா நகரப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த கபிரியேல் பலோப்பியோ 1561 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே இவ்வுறுப்பை விவரித்தார். அகன்ற வாயையுடைய ஊதுகொம்பை ஒத்திருக்கக் கண்டு, எக்காளத்தைக் குறிக்கும் ‘தூபா’ என்ற இலத்தீன் பெயரை அதற்கு வழங்கினார். பிற்கால ஐரோப்பிய மொழிகளில் அச்சொல் ‘குழாய்’ எனத் திரிந்தது. தமிழும் அதனையே ஏற்றுக்கொண்டது. எக்காளம் வெறுங் குழாயாகக் குறைந்ததே இவ்வுறுப்புக்கு நேர்ந்த முதல் இழிவு எனலாம். குழாய் என்றதும் ஒன்று மற்றொன்றினுட் செல்வதற்கான வழி என்ற எண்ணமே மனத்தில் எழுகின்றது. வழிக்கு நோய் வரும் என்று எவர் எதிர்பார்ப்பர்?

உண்மையில் இது வெறும் வழி அன்று. 10 முதல் 12 சென்ரிமீற்றர் வரை நீளமுள்ள இவ்வுறுப்பின் உட்புறம் பல மடிப்புகளாய் மடிந்த மேலணியால் மூடப்பட்டுள்ளது. அம்மேலணியில் பிசிர்கொண்ட கலங்களும் சுரக்குங் கலங்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கருப்பைக்கு அப்பாலுள்ள முனை புனல்போல விரிந்து, விரல்போன்ற ஓரத்தும்புகளாகப் பிரிந்து, சூலகத்தின்மேற் கவிந்து நிற்கின்றது. இந்த இடத்தில் குழாய் நேரே வயிற்றறைக்குட் திறக்கின்றது. பெண்ணின் உடலகத்து அறையொன்று வெளியுலகோடு தொடர்புறும் ஒரே வழி இதுவே. ஒவ்வொரு மாதமும் சூல் வெளிப்படும்போது அதனோடு வடியும் பாயத்தில் இவ்வோரத்தும்புகள் தோய்கின்றன. மாதவிடாய்க் குருதியிற் சிறுபகுதி பின்னோக்கிப் பாய்ந்து இவற்றை நனைக்கின்றது. உறுத்தலுக்கும் பழுதுக்கும் இத்துணை ஆளாகும் மேலணியில் புற்றுத் தோன்றுவது வியப்பன்று, தோன்றாதிருந்தாலே வியப்பு. அங்கிருந்து உதிருங் கலங்கள் சூலகத்தின் மேற்பரப்பிலோ வயிற்றறையின் உட்சவ்விலோ சென்று பதிவதற்குத் தடையாக எந்தச் சுவரும் இல்லை.

நோயறிதலைப் பற்றிப் பாடநூல் கூறுவதைச் சற்று நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வியன்னா நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் லட்ஸ்கோ கூறிய மூன்று குறிகள் அவர் பெயராலேயே வழங்குகின்றன. இடையிடையே பெருகி வழியும் நீர் அல்லது குருதி கலந்த நீர். அடிவயிற்றில் முறுக்கி எழும் வலி. இடுப்பறையில் தட்டுப்படும் கட்டி. குழாயிற் பாயம் தேங்கி அது விரியும்போது வலி எழும். பாயம் கருப்பை வழியாக வெளியேறியதும் வலி தணியும், கட்டியுஞ் சுருங்கும். அழகான விளக்கம்! மனனஞ் செய்வதற்கு ஏற்றது. ஆயின் மூன்று குறிகளும் ஒருங்கே காணப்படும் நோயாளர் மிகச் சிலரே. மூன்றையும் எதிர்பார்த்திருக்கும் வைத்தியர் பெரும்பாலானோரைத் தவறவிடுவார். அன்றியும் முதலாவது குறி பெண் வாய்திறந்து சொன்னாலன்றி வெளிப்படாதது. மாதவிடாய் நின்று பல்லாண்டு கழிந்த ஒரு தாய், தன் உள்ளாடை நனைவதைப் பற்றி மகளிடமே பேச நாணுகின்ற சமூகங்களில் இக்குறி எத்துணை தூரம் பயன்படும்? சொன்னாலுங்கூட, ‘வெள்ளைபடுதல்’ என்ற ஒரு சொல்லில் அஃது அடக்கப்பட்டு, மருந்துச் சீட்டொன்றோடு முடிந்துவிடுகின்றது.

இக்குறிகளைக் காட்டிலும் பயனுள்ள சில குறிப்புகள் உள. அவை போதிய அழுத்தத்துடன் கற்பிக்கப்படுவதில்லை. மாதவிடாய் நின்றபின் குருதியோ நீரோ கசிய, கருப்பையினுள்ளிருந்து சுரண்டி எடுத்த இழையத்தில் யாதொரு கோளாறும் காணப்படாதவிடத்து, ‘ஒன்றுமில்லை’ என்று அவரை வீட்டுக்கு அனுப்புதல் தவறு. கசிவு தொடருமாயின் அது மேலேயிருந்து வரக்கூடும். பப் பரிசோதனையிலே சுரப்பிப் புற்றுக் கலங்கள் தென்பட்டு, கருப்பைக் கழுத்திலும் கருப்பையினுள்ளும் அவற்றின் பிறப்பிடம் அகப்படாதபோதும் குழாயை நினைத்தல் வேண்டும். கழியொலி ஸ்கானிலே சூலகத்தினின்று வேறாக, நீண்டு வளைந்த ஒரு பொருள் தெரியுமாயின், அது நீர்தேங்கிய குழாய் அல்லது பழைய அழற்சியின் எச்சம் என்று முடிவுகட்டுமுன், அதன் உட்சுவரிற் திண்மையான புடைப்புகள் உளவா, அவற்றிற் குருதியோட்டம் உளதா என்று பார்த்தல் தகும். சீ.ஏ.125 என்ற குருதிச் சோதனை பலரிடம் உயர்ந்திருக்கும். ஆயின் என்டோமெற்றியோசிஸ், வயிற்றறைக் காசம், மாதவிடாய், கர்ப்பம் ஆகியவற்றிலும் அஃது உயரும். எனவே தனித்து நின்று அது எதனையும் நிறுவாது.

நிற்க. மேற்கூறியவை யாவும் கட்டி வளர்ந்துவிட்ட பின்னர் அதனைக் காண்பதற்கான வழிகள். பெருந்தவறு வேறிடத்தில் நேர்ந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின்னர், கட்டி முழுவதும் நோயியல் நிபுணரின் மேசைமேற் கிடந்தபோதே அது நேர்ந்தது.

1950 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் ஹூ, டேமர், ஹேர்ற்றிக் என்ற மூவர், ஒரு புற்று குழாயிலேயே தோன்றியது என்று கூறுவதற்கு வேண்டிய நிபந்தனைகளை வகுத்தனர். 1978 இல் செட்லிஸ் அவற்றைத் திருத்தியமைத்தார். பிரதான கட்டி குழாயினுள் இருத்தல் வேண்டும். அதன் அமைப்பு குழாயின் மேலணியை ஒத்தல் வேண்டும். நலமுள்ள மேலணி புற்றாக மாறும் இடத்தைக் காட்டுதல் வேண்டும். சூலகமும் கருப்பையும் நலமாயிருத்தல் வேண்டும், அன்றேல் அவற்றிலுள்ள கட்டி குழாயிலுள்ளதினும் சிறிதாயிருத்தல் வேண்டும். இறுதி நிபந்தனையை ஊன்றி நோக்குக. பெரிய கட்டி எங்கேயோ அங்கேதான் நோயின் பிறப்பிடம் என்பது அதன் உட்பொருள். நுரையீரலில் மிளகளவிற் தோன்றிய புற்று மூளையில் எலுமிச்சையளவு வளர்ந்து நின்றால், அதனை மூளைப் புற்றுநோய் என்று எந்த மருத்துவரும் கூறார். குழாய்க்கு மட்டும் அவ்வாறு கூறப்பட்டது. சில மில்லிமீற்றர் அளவினதாய் ஓரத்தும்பில் ஒதுங்கிக் கிடந்த புற்று, சூலகத்திற் பரவி அங்கே தேங்காயளவு பெருத்ததும், ‘சூலகப் புற்றுநோய், குழாய்க்கும் பரவியது’ என்று எழுதப்பட்டது. பிள்ளை தாயைப் பெற்றதாகப் பதிவேட்டில் எழுதுவதை ஒத்த செயல் இது.

மூவரையும் இகழ்வது இங்கு நோக்கமன்று. அக்காலத்து அறிவுக்கு அந்த எச்சரிக்கை பொருந்தியதே. பிறவிடத்துப் புற்றுகள் குழாய்க்குப் பரவுவது மெய்யாகவே உண்டு. ஆயின் எச்சரிக்கையாக வகுத்த ஒன்று இலக்கணமாகவும், இலக்கணம் பின்னர் இயற்கை விதியாகவும் மாற்றப்பட்டமையே கண்டிக்கத்தக்கது. அந்த நிபந்தனைகளை வைத்துக்கொண்டு எண்ணினால் குழாய்ப் புற்றுநோய் அரிதாகவே இருக்கும். வேறு விதமாய் இருக்கவே முடியாது. எண்ணி முடிந்தபின், அரிதான நோய் என்பதால் குழாயை விரிவாகப் பரிசோதிப்பது வீண்செலவு என்று வாதிக்கப்பட்டது. பரிசோதிக்காமையால் அது மேலும் அரிதாயிற்று. அகற்றப்பட்ட கருப்பையோடு வந்த குழாயினின்றும் குறுக்காக ஓரிரு துண்டுகளை நறுக்கி நுணுக்குக்காட்டியில் வைத்துவிட்டு, எஞ்சியதைப் போத்தலிலேயே விட்டுவிடுவது பல நாடுகளிலும் வழக்கமாயிருந்தது. எஞ்சியதிலேதான் ஓரத்தும்புகள் கிடந்தன.

இதற்குப் பக்கத்துணையாக நின்ற கோட்பாடு ஒன்றும் உண்டு. சூலகத்தின் மேற்பரப்பை மூடியுள்ள மெல்லிய கலவடுக்கு, சூல் வெளிப்படும் ஒவ்வொரு தடவையும் கிழிந்து ஆறுகின்றது. அந்த இடையறாப் புண்படலே புற்றுக்குக் காரணம் என்று எகிப்திய மருத்துவர் மஹ்மூட் பதல்லா 1971 இல் எடுத்துரைத்தார். பல பிள்ளைகளைப் பெற்றவர்களிடமும் கருத்தடை மாத்திரை உட்கொண்டவர்களிடமும் இந்நோய் குறைவாயிருந்தமை அக்கோட்பாட்டுக்கு வலுவூட்டியது. ஆனால் ஓர் இடர்ப்பாடு இருந்தது. இக்கொடிய நோயின் மிகப் பெரும்பான்மை வடிவமான கடுந்தரச் சீரப் புற்றின் கலங்கள் சூலகத்து மேற்பரப்புக் கலங்களை ஒத்திருக்கவில்லை. குழாயின் மேலணியை அச்சொட்டாக ஒத்திருந்தன. இதற்கு என்ன விடை கூறப்பட்டது? சூலகத்துக் கலங்கள் முதலிற் குழாய்க் கலங்களாக உருமாறி, அதன்பின் புற்றாகின்றன என்பதே. வீட்டினுள் அகப்பட்டவன் அயல்வீட்டாரின் முகச்சாயலோடு நிற்கின்றான். அயல்வீட்டின் கதவோ திறந்து கிடக்கின்றது. ஆயினும் அவன் இவ்வீட்டிற் பிறந்து அயல்வீட்டு முகத்தைப் பெற்றவன் என்று தீர்ப்பு வழங்கப்பட்டது. இதனை வெளிப்படையாக மறுத்துரைத்தோருள் லூயி டுபோ குறிப்பிடத்தக்கவர். 1999 இல் அவர் எழுப்பிய ஐயம் அக்காலத்திற் பெரிதாக வரவேற்கப்படவில்லை.

கதவைத் திறந்து பார்த்தவர்கள் ஒல்லாந்து நாட்டினர். பீ.ஆர்.சீ.ஏ. 1, பீ.ஆர்.சீ.ஏ. 2 என்ற பரம்பரையலகுகள் முறையே 1994, 1995 ஆம் ஆண்டுகளில் இனங்காணப்பட்டபின், அவற்றில் விகாரங் கொண்ட குடும்பத்துப் பெண்கள் நோய் வருமுன்னரே சூலகங்களையும் குழாய்களையும் அகற்றிக்கொள்ளத் தொடங்கினர். அவ்வாறு அகற்றப்பட்ட சூலகங்களில் புற்றின் முன்னோடி தென்படும் என எல்லோரும் எதிர்பார்த்தனர். அங்கு அது கிடைக்கவில்லை. 2001 இல் பீக் என்பாரும் உடனாய்வாளரும், இத்தகைய பன்னிரண்டு பெண்களின் குழாய்களை ஆராய்ந்து, ஆறு பேரின் குழாய்களில் மேலணி பிறழ்ந்து வளர்ந்திருக்கக் கண்டனர். இதன் பின்னர் பொஸ்ரன் நகரில் கிறிஸ்தோபர் க்ரம் தலைமையிலான குழுவினர் 2006 இல் குழாயை முழுமையாக நறுக்கிப் பார்க்கும் ஒரு முறையை வகுத்தனர். ‘சீ-பிம்’ என்பது அதன் பெயர். அடுத்த ஆண்டில், பரம்பரைச் சார்பு நோக்காது தெரிந்தெடுக்கப்பட்ட ‘சூலக’ சீரப் புற்று நோயாளருள்ளும் ஏறத்தாழ அரைப்பங்கினரின் குழாய்களில், மேலணிக்குள் அடங்கிய ஆரம்பப் புற்றை அவர்கள் காட்டினர். ‘ஸ்ரிக்’ என்று சுருக்கி வழங்கப்படும் அவ்வாரம்பப் புற்று பெரும்பாலும் ஓரத்தும்புகளிலேயே காணப்பட்டது.

இங்கே ஒன்று மனங்கொளத்தக்கது. இக்கண்டுபிடிப்புக்கு விலையுயர்ந்த எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. போமலினில் நன்கு ஊறவிடல், குழாயின் கடைசி 2 சென்ரிமீற்றரை வெட்டி நீளவாட்டில் நான்காகப் பிளத்தல், எஞ்சிய நீளத்தை 2 அல்லது 3 மில்லிமீற்றர் இடைவெளியிற் குறுக்காக நறுக்கல், அனைத்தையும் மெழுகிற் பதித்துப் பார்த்தல்: செய்முறை இவ்வளவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஒரு நோயியல் நிபுணரும் இதனைச் செய்திருக்க முடியும். கத்தி இருந்தது, மெழுகு இருந்தது, நுணுக்குக்காட்டியும் இருந்தது. நோக்கவேண்டும் என்ற எண்ணம் மட்டும் நூறாண்டுக்கு மேலாக இருக்கவில்லை.

பின்னர் வந்த ஆய்வுகள் இப்பிணைப்பை உறுதிசெய்தன. குழாயிலுள்ள ஸ்ரிக் கலங்களிலும் அதே பெண்ணின் சூலகக் கட்டியிலும் பீ53 என்ற பரம்பரையலகின் ஒரே விகாரம் இருப்பது காட்டப்பட்டது. விகாரங்களின் அடுக்கை வைத்துக் காலத்தைக் கணித்த 2017 ஆம் ஆண்டு ஆய்வொன்று, ஸ்ரிக் தோன்றுவதற்கும் சூலகத்திற் புற்று உருவாவதற்கும் இடையே சராசரி ஆறரை ஆண்டுகள் கழிவதாக மதிப்பிட்டது. சர்வதேச மகப்பேற்று, பெண்நோயியற் சம்மேளனம் 2014 இல் வெளியிட்ட வகுப்பில் சூலகம், குழாய், வயிற்றறைச் சவ்வு ஆகிய மூன்றின் புற்றுகளும் ஒரே படிநிலை ஒழுங்கின்கீழ் இணைக்கப்பட்டன. உலக சுகாதார தாபனத்தின் 2020 ஆம் ஆண்டு வகைப்பாட்டை ஒட்டிய நெறியின்படி, குழாயின் உள்மேலணியில் ஸ்ரிக்கோ கடுந்தரச் சீரப் புற்றோ இருக்குமாயின், சூலகத்துக் கட்டி எத்துணை பெரிதாயினும், பிறப்பிடம் குழாயே எனப் பதியப்படுதல் வேண்டும். 1950 ஆம் ஆண்டின் நிபந்தனை தலைகீழாயிற்று. அரிய நோய் ஒன்று ஏறத்தாழ ஒரே இரவிற் பெருநோயாயிற்று. நோய் மாறவில்லை, பெயரிடும் ஒழுங்கே மாறியது.

‘பெயர் எதுவாயினும் என்ன? இரண்டுக்கும் ஒரே சத்திரசிகிச்சை, ஒரே பிளற்றினம் மருந்து’ என்று கூறுவாரும் உளர். இவ்வாதம் நோய் முற்றியபின் வரும் நோயாளியைப் பொறுத்தவரை சரியானது; நோய் இன்னும் வராத பெண்ணைப் பொறுத்தவரை முற்றிலும் பிழையானது. பிறப்பிடத்தைத் தவறாக அறிந்தமையால் எத்துணை உழைப்பு வீணாயிற்று என்பதற்கு ஆரம்பக் கண்டறிதற் பரிசோதனைகளே சான்று. ஐக்கிய இராச்சியத்தில் 2001 ஆம் ஆண்டு முதல் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, ஆண்டுதோறும் சீ.ஏ.125 சோதனையாலும் ஸ்கானாலும் கண்காணித்த பேராய்வின் நீண்டகால முடிவு 2021 இல் வெளிவந்தது. கண்காணிப்பினால் இறப்பு வீதம் குறையவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 78 ஆயிரம் பெண்களிடையே நடத்தப்பட்டு 2011 இல் முடிவு வெளியான ஆய்வும் இதனையே கூறிற்று. சூலகம் பருத்துள்ளதா என்று ஸ்கான் தேடிக்கொண்டிருக்கையில், கண்ணுக்கே புலப்படாத அளவினதாய் ஓரத்தும்பிலிருந்து கலங்கள் உதிர்ந்துகொண்டிருக்குமாயின், அத்தேடலாற் பயன் யாது? தோல்விக்கு இஃது ஒன்றே காரணம் என்று கூறல் மிகையாகும். முதன்மையான காரணங்களுள் ஒன்று எனல் மிகையன்று.

பிறப்பிடம் தெரிந்ததும் வேறொரு வழி திறந்தது. கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணத்திலே 2010 ஆம் ஆண்டு முதல், வேறு காரணத்துக்காகக் கருப்பை அகற்றப்படும்போதோ கருத்தடைச் சத்திரசிகிச்சையின்போதோ, சூலகங்களை விட்டுவிட்டுக் குழாய்களை மட்டும் முழுமையாக அகற்றும்படி வைத்தியர்கள் தூண்டப்பட்டனர். 2022 இல் வெளியான கணக்கின்படி, அவ்வாறு குழாய் அகற்றப்பட்ட 25,889 பெண்களில் சீரப் புற்று ஒருவருக்குமே தோன்றவில்லை. ஐவருக்கு மேல் எதிர்பார்க்கப்பட்டிருந்தது. எண்ணிக்கை சிறிது, கண்காணித்த காலமும் போதாது, எழுமாற்று ஆய்வுமன்று. இவையெல்லாம் நியாயமான தடைகள். ஆனாலும் பூச்சியம் பூச்சியமே.

இலங்கை வாசகருக்கு இவ்விடயம் தொலைதூரத்ததன்று. ‘எல்.ஆர்.ரி.’ என்ற மூன்றெழுத்தைக் கிராமத்துத் தாய்மாரும் அறிவர். குழாயின் நடுப்பகுதியைக் கட்டி ஒரு துண்டை வெட்டியெடுக்கும் அச்சிகிச்சையில் ஓரத்தும்புகள் உள்ளேயே விடப்படுகின்றன. பிள்ளைப்பேறு போதும் என்று உறுதியாக முடிவெடுத்த ஒரு பெண்ணுக்கு, குழாயை முழுவதும் அகற்றும் தெரிவும் உண்டு, அதனால் பிற்காலப் புற்றுநோய் குறையக்கூடும், அதற்குரிய மேலதிக நேரமும் குருதிப்போக்கு அபாயமும் இன்னின்னவை என்று எடுத்துக்கூறுவது அவருக்குரிய உரிமையை மதித்தலாகும். கேளாமலே அகற்றுவதும் சொல்லாமலே விடுவதும் ஒரே வகையான குற்றங்கள். நோய்ச்சார்பு இல்லாத பெண்ணுக்கு இதற்கென்றே தனியாக வயிற்றைத் திறத்தல் வேண்டும் என இங்கு வாதிக்கப்படவில்லை. பீ.ஆர்.சீ.ஏ. விகாரமுள்ள பெண்ணுக்கோ, குழாயை மட்டும் அகற்றிச் சூலகத்தைப் பின்னாளில் அகற்றுவது போதுமா என்பது ஒல்லாந்திலும் பிற நாடுகளிலும் நடைபெறும் ஆய்வுகளுக்குரிய கேள்வி. அதுவரை அத்தகையோருக்கு உரிய வயதில் இரண்டையும் அகற்றுவதே நெறி.

புதிய கோட்பாட்டின் அடியார்களையும் இங்கு கண்டிக்கவேண்டியுள்ளது. சூலகப் புற்றுநோய் யாவும் குழாயிலிருந்தே வருகின்றது என்று முழங்குவோர், பழைய தவறைத் திசைமாற்றிச் செய்கின்றனர். தெளிகலப் புற்றும் என்டோமெற்றியம் போன்ற புற்றும் என்டோமெற்றியோசிஸோடு தொடர்புடையவை. கருக்கலங்களிலிருந்து தோன்றுங் கட்டிகள் சூலகத்துக்கே உரியவை. சீரப் புற்றிலும் ஒரு பகுதியில் எத்துணை நறுக்கியும் குழாயில் எதுவும் அகப்படுவதில்லை. கருப்பையிற் பிறந்த சீரப் புற்று குழாயின் மேலணியிற் படர்ந்து ஸ்ரிக் போல வேடமிடுவதுமுண்டு. ஸ்ரிக் என்று தீர்ப்பதற்கே கலங்களின் தோற்றத்தோடு பீ53, கீ-67 ஆகிய சாயமேற்றற் சோதனைகளும் துணைநிற்றல் நன்று. தேர்ந்த நிபுணர்களிடையேயும் இதிற் கருத்து வேறுபாடு எழுவதுண்டு.

இப்பெருநோயை அரிய நோய்களின் பட்டியலிலிருந்து நீக்கியபின்பும், மெய்யாகவே அரிய குழாய்க் கட்டிகள் சில எஞ்சுகின்றன. இவற்றில் அபாயம் எதிர்த்திசையிலும் வரும். அடினோமற்றொயிட் கட்டி தீங்கற்றது. பெரும்பாலும் 2 சென்ரிமீற்றருக்கு உட்பட்டது. வேறு காரணத்துக்காகச் செய்த சத்திரசிகிச்சையில் தற்செயலாகக் காணப்படுவது. அதன் ஒழுங்கற்ற சிறு இடைவெளிகள் தசையை ஊடறுத்துச் செல்வதைக் கண்டு, புற்று ஊடுருவுகின்றது என்று விரைந்து தீர்ப்பெழுதினால், ஒரு பெண் வேண்டாத பெருஞ் சத்திரசிகிச்சைக்கு ஆளாவாள். காசநோய் குழாயைத் தாக்கும்போது மேலணி தாறுமாறாகப் பெருகிப் புற்றுப்போலத் தோற்றமளிப்பதுண்டு. காசம் முற்றாக ஒழியாத தென்னாசியாவில் இதனை மறப்பது மன்னிக்கத்தக்கதன்று. 1973 இல் கரிமிநெஜாட், ஸ்கலி ஆகிய இருவரும் விவரித்த வொல்பியன் கட்டியோ, கருவளர்ச்சியின்போது அழிந்துபோன கான் ஒன்றின் எச்சத்திலிருந்து, குழாயை அடுத்த சவ்வு மடிப்பிலே தோன்றுவது. பெரும்பாலும் சாந்தமாயிருந்தாலும், ஆண்டுகள் பல கழிந்தபின் திரும்பிவரக்கூடியது.

இவ்வரியவற்றுள் கோரியோகார்சினோமாவைச் சற்று நின்று நோக்கவேண்டும். குழாயிற் கருத்தங்கி, குழாய் வெடித்து, உயிர் போகுந் தறுவாயில் ஓர் இளம் பெண் கொண்டுவரப்படுகின்றாள். குழாய் அகற்றப்படுகின்றது, உயிர் பிழைக்கின்றது. நள்ளிரவுச் சத்திரசிகிச்சையின் களைப்பில், காரணம் வெளிப்படையாய் இருக்கையில் இழையப் பரிசோதனை எதற்கு என்று அந்தக் குழாய் குப்பைக்குப் போகுமாயின், மிக அரிதாக அதனுள் இருந்திருக்கக்கூடிய இப்புற்று, சில மாதங்களின் பின் நுரையீரலிலிருந்து குருதியாக வெளிவரும். 1956 இல் லீ, ஹேர்ட்ஸ் ஆகியோர் மெதொற்றெக்சேற்று என்ற ஒரேயொரு மருந்தினால் பரவிய நிலையிலும் குணப்படுத்திக் காட்டிய புற்று இது. திண்மக் கட்டிகளுள் மருந்தால் முதன்முதல் வெல்லப்பட்டதும் இதுவே. குணப்படுத்தக்கூடிய ஒன்றைக் காணாமையால் இழப்பது எவ்வகையிலும் பொறுக்கத்தக்கதன்று. அகற்றிய குழாயை ஆய்வுகூடத்துக்கு அனுப்புதலும், குருதியிலே கர்ப்ப ஓமோனின் அளவு பூச்சியத்துக்கு இறங்கும்வரை பார்த்தலும் இதற்குப் போதுமானவை.

இறுதியாகச் செலவு பற்றிய தடை. ஒவ்வொரு குழாயையும் முழுவதும் நறுக்கினால் மெழுகுக் கட்டிகள் பெருகும், தொழினுட்பவியலாளர் போதார், கண்ணாடித் தகடுகளைப் பார்க்க நிபுணருக்கு நேரமிராது என்பர். வறிய நாடுகளில் இது பொய்யான முறைப்பாடன்று. ஆயின் அனைத்துமோ அன்றேல் ஒன்றுமில்லையோ என்பது சோம்பலின் தர்க்கம். பரம்பரைச் சார்புள்ள பெண்களின் குழாய்களுக்கும், சீரப் புற்று ஐயப்படுவோரின் குழாய்களுக்கும் முழு முறையைக் கையாளலாம். ஏனையோருக்கு, குறுக்காக வெட்டும் ஓரிரு துண்டுகளோடு, நீளவாட்டிற் பிளந்த ஓரத்தும்புகளையும் சேர்த்துப் பதித்தால் ஒன்றிரண்டு மெழுகுக் கட்டிகளே கூடும். போமலின் போத்தலோடு வரும் பத்திரத்திலே குழாய்க்கெனத் தனியாக ஒரு வரியை ஒதுக்கி, ஓரத்தும்புகள் முழுவதும் பார்க்கப்பட்டனவா என்று கேட்பதற்கு அச்சகத்தாரின் துணை மட்டுமே வேண்டும்.